தோல் பதனிடுவோர் இல்லமும் நீதிமான் தலைமையும்

கிறித்தவ வாழ்வில் தலைமைக்கு அடிப்படை யாது என்னும் வினாவிற்கு, நீதியே என விடை கூறுதல் எளிது. அந்நீதி எத்தன்மையது, அதற்குச் சான்று பகர்தற்குரியார் யாவர் என மேலும் வினவுங்கால் விடை அத்துணை எளிதன்று. இவ்வாராய்ச்சிக்கு அப்போஸ்தலருடைய நடபடிகள் என்னும் நூலின் 10, 11ஆம் அதிகாரங்கள் பெரிதும் துணை செய்வன. உரோமப் படையில் நூற்றுக்கு அதிபதியாகிய கொர்நேலியு, திருத்தூதருள் முதல்வராகிய பேதுரு, யோப்பா நகரில் தோல் பதனிடுவோராகிய சீமோன் ஆகிய மூவரும் அங்கு இடம்பெறுகின்றனர். வேலூர், இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனத் தோல் தொழில் தழைத்த ஊர்களில் இப்பகுதி படிக்கப்பெறும்போது அதன் பொருள் தனியோர் ஆழம் பெறுகின்றது. அதனை ஈண்டு நோக்குவாம்.

சீமோனின் தொழில் 9:43, 10:6, 10:32 ஆகிய மூன்றிடங்களிற் சுட்டப்படுகின்றது. சீமோன் என்னும் பெயருடையார் இருவராதலின், ஒருவரைப் பிரித்தறிதற்கே தொழிற்பெயர் கூறப்பட்டது என்பர் ஒரு சாரார். அஃது ஓரளவு பொருந்துமாயினும் முழுதும் பொருந்துவதன்று. பிரித்தறியும் தேவை எழுவது கொர்நேலியுவின் ஏவலர் வீடு தேடி வரும் 10ஆம் அதிகாரத்திலேயாம். ஆசிரியரோ அதற்கு முன்னரே, 9ஆம் அதிகாரத்தின் இறுதி வரியில், பேதுரு தங்கிய இல்லம் எவருடையது எனக் கூறிவிடுகின்றார். யூதரிடையே இத்தொழில் தாழ்வாகவே மதிக்கப்பட்டது. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பெற்ற மிசுனா என்னும் சட்டநூல், தோல் பதனிடும் இடம் ஊரினின்றும் 50 முழம் விலகியிருத்தல் வேண்டும் என விதிக்கின்றது. சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதையிலும் தோல்வினைஞர் கடலை அடுத்த மருவூர்ப்பாக்கத்திலேயே காணப்படுகின்றனர். சீமோனின் வீடும் கடலோரத்ததே என்பது ஒப்புநோக்கத்தக்கது.

அவ்வீட்டின் மேல்தளத்திலிருந்தே, தீட்டானது எதனையும் தாம் உண்டதில்லை எனப் பேதுரு மறுத்துரைக்கின்றார். தூயவர் எனத் தம்மைக் கருதுபவர் நிற்குமிடமோ பதனிடுவோர் கூரை. இம்முரணே இப்பகுதியின் உயிர்நிலை எனலாம். கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'பொதுவானது' என்னும் பொருளது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பாளர் அதனைத் 'தீட்டு' என்றனர். மூலத்தினும் கூர்மையான சொல் இது. உணவை மட்டுமன்றி மனிதரையும் தெருவையும் கிணற்றையும் பிரித்த சொல்லாதலின், தமிழ் படிப்போர்க்கு இக்கதை உணவு பற்றியதாக நில்லாது மக்களைப் பற்றியதாகவே தொடக்கத்திலிருந்து ஒலிக்கின்றது. எம்மனிதரையும் தீட்டுடையார் எனலாகாது என்று பேதுரு பின்னர்த் தெளிவதற்கு இச்சொல்லாட்சி முன்னரே வழிகோலிவிடுகின்றது.

இனி, 'நீதிமான்' என்னும் சொல்லை நோக்குவாம். நீதிபதி, நீதிமன்றம் என்னும் வழக்குகளால் இச்சொல் தீர்ப்பளிக்கும் இருக்கையை நினைவூட்டுவது. கொர்நேலியுவோ இப்பகுதியில் எவர்க்கும் தீர்ப்புக் கூறவில்லை. வறியோர்க்கு ஈகின்றார், வேண்டுதல் செய்கின்றார், வந்தாரை எதிர்கொள்கின்றார். 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு 'நேர்மையாளர்' என்றது இக்குறையை நீக்குகின்றது. எனினும் பழைய மொழிபெயர்ப்பில் ஒரு நயம் உண்டு. அதன் கதைகூற்றில் அதிபதி, தூதர், பதனிடுவோர் ஆகிய மூவரும் 'அன்' ஈறே பெறுவர். நீதிமான் என்பதும் உயர்வுப் பன்மையும் கொர்நேலியுவுக்கு 10:22இல், அவர் ஏவிய ஆட்களின் வாய்மொழியாகவே வருகின்றன. தலைவரின் நீதிக்குச் சான்று அவர்தம் கீழுள்ளார் நாவில் உள்ளது என்பது இதனாற் போதரும். புதிய மொழிபெயர்ப்பு பதனிடுவோரையும் 'என்பவர்' எனச் சிறப்பிக்கின்றது. முன்னது அனைவரையும் ஒருமையால் சமமாக்கிற்று. பின்னது மதிப்பால் சமமாக்கிற்று.

11ஆம் அதிகாரத்தில், பிற இனத்தாரோடு உண்டமைக்காகப் பேதுருவை எருசலேம் சபையினர் வினவுகின்றனர். அவர் தம் பதவியை எடுத்துக்காட்டி வாயடைக்கவில்லை. நிகழ்ந்தவற்றை முறையே எடுத்துரைத்துக் கணக்கு ஒப்புவிக்கின்றார். கேட்டற்கு இனிதல்லாத சொல்லையும் தாங்கிக்கொள்ளும் அரசனையே இறைமாட்சி அதிகாரத்தில் வள்ளுவர் போற்றுவர். வினாவுக்கு உட்படுதல் தலைமைக்கு இழுக்கன்று, அதன் இலக்கணமே என்பதில் இரு நூல்களும் ஒன்றுபடுகின்றன.

இக்கருத்து இவ்வட்டாரத்தில் ஏட்டளவில் நின்றதன்று. 1853இல் அமைந்த ஆர்க்காட்டு மிஷனின் சபைகளிற் சேர்ந்தோருட் பெரும்பாலோர் தீட்டு என்னும் சொல்லால் ஒதுக்கப்பட்ட குடியினரே. 1918இல் வேலூரில் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையார், நோயாளர் தம்மிடம் வரட்டும் எனக் காத்திராது, குடியாத்தம் சாலையின் ஓரங்களில் அவர்களைத் தேடிச் சென்றார். தலைமை வாயில் கடந்து செல்வது என்பதற்கு அது சான்று. மற்றொரு புறம், தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தமை பற்றி வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே இழப்பை ஈடுசெய்தல் வேண்டும் என்றது. ஆலயத்தில் மூப்பராயினும் ஆலையில் மேலாளராயினும், ஒருவர் நீதிமானோ என்பதனைச் சுண்ணாம்புக் குழியில் இறங்கி உழைப்பவரும் அந்நீரைக் குடிப்பவருமே கூறுதல் தகும்.

இறுதியாக ஒரு குறையும் சுட்டற்பாலது. இத்துணை நிகழ்ச்சிக்கும் இடந்தந்த சீமோன் இப்பகுதியில் ஒரு சொல்லும் பேசவில்லை. தூதர் தெளிவு பெற்றார். அதிபதி திருமுழுக்குப் பெற்றார். வீட்டுக்குடையவர் பெற்றது யாது என ஆசிரியர் கூறிற்றிலர். பேதுருவின் தெளிவு அவ்வீட்டில் தோன்றியதாயினும், அவ்வீட்டாரின் கூற்று ஏட்டில் இடம்பெறவில்லை. பாலாற்றங்கரைச் சபைகளில் அக்கூற்று ஒலிக்க இடந்தருவோரே இப்பகுதியின் பொருளை நிறைவு செய்யுந் தலைவராவர்.