டிஸ்சார்ஜ் புக் இருப்பவரும் இல்லாதவரும்

மம்சாபுரத்தில் பட்டாளத்துக்காரர் வீட்டு டிரங்குப் பெட்டியில் நிலப் பத்திரத்தோடு சேர்ந்து கிடப்பது டிஸ்சார்ஜ் புக். 15 வருஷமோ 17 வருஷமோ முடித்து ஊர் திரும்பியவருக்குப் பென்ஷன், மிலிட்டரி கேன்டீன் கார்டு, 2003-இல் வந்த ஈ.சி.எச்.எஸ். மருத்துவ அட்டை எல்லாம் அதை வைத்துத்தான். பிள்ளைகளின் படிப்பு உதவித்தொகைக்கு விருதுநகரிலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகம் போகவேண்டும். சிவகாசி வழியாகப் பஸ் பிடித்துப் போய்வர ஒரு நாள் கழியும். ஆனால் போனால் கேட்க ஆள் இருக்கிறது.

சிக்கல் பெரும்பாலும் மனைவி பெயரில்தான் வரும். பட்டாளத்து கிளார்க் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் புத்தகத்தில் முத்துலக்ஷ்மி, ஆதாரில் முத்துலட்சுமி, பாஸ்புக்கில் தகப்பன் இனிஷியல், ரேஷன் கார்டில் புருஷன் இனிஷியல். புருஷன் இருக்கும்வரை யாரும் கவனிப்பதில்லை. அவர் கண்ணை மூடியபின் குடும்ப பென்ஷனுக்கு எழுதிப் போடும்போது நாலு பெயரும் நாலு பெண்களாகிவிடும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன் ரெக்கார்ட் ஆபீசுக்குக் கடிதம், பிறகு பிரயாக்ராஜ் பென்ஷன் ஆபீசிலிருந்து பதில், நடுவில் நோட்டரி. அந்த அம்மா அலைந்து ஓய்ந்துபோவார். ஆனாலும் பணம் வரும்.

இலங்கையில் படைவீரர்களையும் அவர்கள் குடும்பங்களையும் கவனிப்பதற்கென்றே 1999-இன் 54-ஆம் இலக்கச் சட்டத்தின்படி ரணவிரு சேவா அதிகாரசபை இருக்கிறது. கை கால் இழந்தவர்களுக்கு ராகமையில் ஒரு புனர்வாழ்வு நிலையம். படுகாயமடைந்தவர்கள் தங்கியிருக்க அநுராதபுரம், கம்புறுப்பிட்டி, பங்கொல்ல ஆகிய இடங்களில் 'அபிமன்சல' இல்லங்கள். தண்டுவடம் அடிபட்டவருக்கு நம் பக்கம் பெயர்பெற்ற மையம் என்றால் புனே அருகே கட்கியில் இருக்கிறது. மம்சாபுரத்துக்காரருக்கு அது வேறு உலகம். அந்தச் சின்னத் தீவு இந்த விஷயத்தில் நம்மைவிடப் பரவாயில்லை என்றே சொல்வேன்.

பென்ஷனில் கதை தலைகீழ். பணியின் காரணமாக ஊனம் ஏற்பட்டது என்று ஏற்கப்பட்டால் இந்தியாவில் ஊன பென்ஷனுக்குக் குறைந்தபட்சப் பணிக்காலம் பார்ப்பதில்லை. இலங்கையில் 12 வருஷம் முடிவதற்குள் காயத்தோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள், தங்களுக்கும் ஓய்வூதியம் வேண்டுமென்று 2016 நவம்பரில் கொழும்பு கோட்டையில் போராடினார்கள். வெற்றிவிழா மேடைகளில் வீரர் என்று கொண்டாடப்பட்டவர்கள்மீது போலீஸ் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தது. ரஷ்யா-உக்ரைன் போருக்குக் கூலிப்படையாகப் போன முன்னாள் சிப்பாய்களில் குறைந்தது 16 பேர் இறந்துவிட்டதாக 2024 மே மாதம் இலங்கை அரசே சொன்னது. ஊரில் கையில் நாலு காசு இருந்தவன் ஏன் அங்கே போகப்போகிறான்?

இன்னொரு தரப்பும் போரிலிருந்து வீடு திரும்பியது. 2009-இல் சரணடைந்த புலிகள் சுமார் 12,000 பேரைப் புனர்வாழ்வு ஆணையாளர் நாயகத்தின் கீழ் முகாம்களில் வைத்துத் தொழில் பழக்கி விடுவித்தார்கள். சிலருக்கு சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தில் வேலையும் கிடைத்தது. ஆனால் உடம்பில் குண்டுச் சிதறலோடு திரும்பிய முன்னாள் போராளிக்குப் பென்ஷன் கிடையாது; வீட்டுக்கு வந்து விசாரிக்கும் புலனாய்வுக்காரர்தான் உண்டு. அவருடைய மனைவி எந்த அலுவலகத்துக்குப் போவார்? போரில் தோற்ற தரப்பை எந்த அரசும் தலையில் வைத்துக் கொண்டாடாது, சரி. ஆனால் செயற்கைக் காலுக்கும் பிள்ளையின் பள்ளிச் செலவுக்கும் தரப்பு பார்ப்பது அநியாயம். அந்தப் போரிலிருந்து தப்பி வந்தவர்கள் நம் வட்டாரத்திலேயே மொட்டமலை அகதி முகாமில் இருக்கிறார்கள். 2021-இல் பெயர்ப்பலகையில் 'அகதி' போய் 'மறுவாழ்வு' ஏறியது. குடியுரிமை இன்னும் பேச்சளவில்.

நாமும் ரொம்பப் பெருமைப்பட முடியாது. 1987-இல் இலங்கைக்கு அமைதிப்படையாகப் போய், ஏறத்தாழ 1,200 பேரைப் பறிகொடுத்து, 1990 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கிய ஜவான்களை வரவேற்க அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. ஈழத்தமிழர்மீது அந்தப் படை நடத்திய கொடுமைகளுக்கான கோபம் அது. எனக்கும் அந்தக் கோபம் புரிகிறது. ஆனால் உத்தரவுக்குக் கட்டுப்பட்டுப் போன கிராமத்துப் பையன் ஊரில் வாய் திறக்காமல் காலத்தைக் கழித்தான். அவன் காயத்துக்குப் பென்ஷன் வந்தது, ராத்திரித் தூக்கம் வரவில்லை. அதற்கு இரண்டு நாட்டிலும் சரியான ஏற்பாடு இல்லை.

இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. 2022-இல் வந்த அக்னிபாத் திட்டத்தில் நான்கு வருஷம் முடித்தவர்களில் நூற்றுக்கு 25 பேருக்குமேல் படையில் நீடிக்க முடியாது. மற்றவர்கள் 11 லட்சத்துச் சொச்சம் வாங்கிக்கொண்டு, பென்ஷனும் ஈ.சி.எச்.எஸ். அட்டையும் இல்லாமல் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதில் ஊர் திரும்புவார்கள். ராஜபாளையம் மில்லில் ஷிப்ட் கேட்டு நிற்பவர்களோடு அவர்களும் நிற்பார்கள். ஆட்சியர் நடத்தும் முன்னாள் படைவீரர் குறைதீர் கூட்டத்துக்குப் போகிறவர்கள், இவர்களுக்கு மாவட்டத்தில் என்ன ஏற்பாடு என்று இப்போதே எழுத்தில் கேட்டு வையுங்கள்.