போனஸ் எடுக்கிற கால்

கபடியில் கைதட்டல் எல்லாம் ஒரே பாட்டில் மூன்று பேரைத் தொட்டுத் திரும்புபவருக்குத்தான். எனக்குப் பிடித்தது, போனஸ் எடுக்கிற கால். செவ்வாப்பேட்டைப் பக்கம் இரவு விளக்கொளியில் நடக்கும் ஆட்டங்களைக் கோட்டோரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். 'கபடி கபடி' என்று மூச்சு சீராக ஓடும். உடம்பு இடப்பக்கம் சாயும், கண் மட்டும் வலது மூலைக்காரர் மேல் இருக்கும். மண்ணில் பாதம் சரக்கென்று இழுபடும். முன்கால் போனஸ் கோட்டைத் தாண்டிப் பதியும்போது பின்கால் தரையைவிட்டு எழும்பியிருக்க வேண்டும். ஒற்றைக் காலில் முழு உடம்பையும் தாங்கி, அப்படியே திரும்பி வர வேண்டும். எதிரே ஆறு பேராவது நின்றால்தான் அந்தப் புள்ளி செல்லும். வெளியே உட்கார்ந்திருக்கும் தோழரை அது உள்ளே கொண்டுவராது. சின்ன வரவுதான்.

ஆனால் பெரிய பாட்டுக்கு வழி விடுவது அந்தச் சின்ன வரவுதான். கால் அடிக்கடி உள்ளே போய் வந்தால் மூலைக்காரருக்குப் பொறுக்காது. கணுக்காலைப் பிடிக்க அரை அடி முன்னே வருவார். பக்கத்து ஆளோடு கோத்திருந்த கை தளரும். அந்த இடைவெளிக்குத்தான் பாடுபவர் அவ்வளவு பொறுமையாகக் காத்திருந்தார். அடுத்த முறையும் கால்தான் நீளும், தொடுவதோ கை. ஒரே வீச்சில் இரண்டு பேர் வெளியே! கூட்டம் கத்துவது அந்தக் கைக்காக. அடுத்த ஆட்டத்தில் பாடுபவரின் பின்காலையும் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்.