கொல்லிப்பாவையும் சிறுகுடியின் பசியும்: குறுந்தொகை 89, 100 ஆகிய பாடல்களை முன்வைத்து

முன்னுரை

நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலையின் அடிவாரத்தில் அமைந்த சிற்றூர் காரவள்ளி. அங்கிருந்து மலைப்பாதை 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறுகிறது. அவ்வழியே செல்வோர் ஆகாயகங்கை அருவியையும் அறப்பளீசுவரர் கோயிலையும் காண்கின்றனர். வல்வில் ஓரியின் வீரத்தையும் கொல்லிப்பாவையின் மாயத்தையும் கேட்டறிகின்றனர். சங்க இலக்கியத்தில் கொல்லிமலை பெறும் இடம் பற்றிய கட்டுரைகளும் பெரும்பாலும் ஓரி, பாவை என்னும் இரண்டிலேயே நின்றுவிடுகின்றன. பாவையின் தோற்றம், வழிபாட்டுத் தொடர்பு குறித்த வினாக்கள் பயனுடையவையே. எனினும், பாவை இடம்பெறும் பாடல்களில் அதனைச் சூழ்ந்து நிற்கும் மக்களின் அன்றாட உழைப்பு உரிய கவனம் பெறவில்லை. உவமையைப் பாடலிலிருந்து தனியே பிரித்தெடுத்து ஆராயும் முறையே இதற்குக் காரணம் என்பதை இக்கட்டுரை இரண்டு பாடல்களின்வழி நிறுவ முயல்கிறது.

விதைப்பும் பசியும்

குறுந்தொகை 100ஆம் பாடல் கபிலர் பாடியது. தலைவன் கூற்றாக அமைந்தது. தலைவி கொல்லிப்பாவை போன்றவள் என்பதே அவன் சொல்லவரும் செய்தி. ஆனால் பாவையைச் சென்றடையும் முன் பாடல் ஓர் உழைப்பு நிரலைக் கடக்கிறது. அருவி பாயும் பரப்பில் ஐவனநெல் விதைக்கப்படுகிறது, இடையே முளைத்த குளவியும் மரலும் களையப்படுகின்றன, சிறுகுடி பசிக்கிறது, யானைக்கொம்பை விற்று அம்மக்கள் உண்கின்றனர். இந்நிகழ்ச்சிகள் யாவும் ‘உண்ணும்’ என்னும் பெயரெச்சத்தில் முடிந்து, ஓரியின் கொல்லியைச் சிறப்பிக்கும் அடையாகின்றன. அதாவது, இம்மலை எத்தகையது என்பதைக் கபிலர் முதலில் அம்மக்களின் உணவைக் கொண்டே உணர்த்துகிறார். பாவை அதன் பின்னரே வருகிறது.

இவை குறிஞ்சித்திணைக்குரிய கருப்பொருள் மரபே என்றும், வாழ்வியல் சான்றாகக் கொள்ளத்தக்கவை அல்ல என்றும் மறுப்புரைக்கலாம். ஐவனமும் யானைக்கொம்பும் மரபுவழிப்பட்டவை என்பது உண்மை. ஆனால் கொம்பு விற்கப்படுவதற்குப் பாடல் பசியைக் காரணமாகக் கூறுகிறது. மலைவளத்தைப் புகழ்வது மட்டுமே நோக்கமாயின் இக்காரணம் வேண்டியதில்லை. விதைத்த நெல் கைக்கு வருவதற்குள் பசி வந்துவிடுகிறது என்னும் வேளாண் உண்மையை இவ்வமைப்பு தாங்கி நிற்கிறது.

உரலும் அலரும்

பரணர் பாடிய 89ஆம் பாடல் தோழி கூற்றாகும். தலைவி வள்ளைப்பாட்டுப் பாடியவாறே உரலில் குற்றுகிறாள். அதைக் கேட்டு அயலார் அலர் தூற்றுகின்றனர். அவர்களைத் தோழி பொருட்படுத்தவில்லை. இங்கும் தலைவிக்கு உவமை கொல்லிப்பாவையே. நற்றிணை 201ஆம் பாடல் காட்டும் பாவை, காற்றும் மழையும் இடியும் நிலநடுக்கமும் தாக்கினும் எழில் கெடாதது. பரணரின் தலைவியோ உலக்கையைக் கையில் கொண்டு உழைப்பவள். உழைக்கும் பெண்ணை அழியா அழகுடைய தெய்வப்பாவையோடு இணைப்பதில்தான் உவமையின் ஆற்றல் உள்ளது. உரலை விலக்கிவிட்டுப் பாவையை மட்டும் எடுத்துக்கொண்டால் உவமேயத்தின் பாதி மறைந்துவிடுகிறது.

இரு பாடல்களுக்கும் இடையே கொல்லியின் உரிமை மாறியிருப்பதும் கருதத்தக்கது. கபிலர் பாடலில் அது ஓரிக்குரியது. பரணர் பாடலில் பொறையனுக்குரியது. காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரருக்கு அளித்த செய்தியை அகநானூறு 209 கூறுகிறது. ஓரியைக் கொன்றபின் காரி தெருவில் புகுந்தபோது எழுந்த ஆரவாரத்தை நற்றிணை 320 ஊரில் எழும் ஆரவாரத்திற்கு உவமையாக்குகிறது. அரசியல் மாற்றத்தைக்கூட தெருவில் எழுந்த ஒலியாகவே அப்பாடல் நினைவுகூர்கிறது.

இன்றைய மலையும் வாசிப்பும்

இன்று கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் மரபுக்கதை, அவர்தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்கிறது. ஆகவே சங்கச் சிறுகுடியினரையும் இவர்களையும் ஒரே மரபினராக நேரடியாக இணைத்துக் கூற இயலாது. ஆனால் நிலம் முன்வைக்கும் சிக்கல்கள் ஒப்பிடத்தக்கவை. சாமை, தினை, கேழ்வரகு விளைந்த நிலங்களில் பெரும்பகுதி, சமவெளியின் சவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளிக்கு மாறியது. மலையில் கிடைப்பதை விற்று உணவைப் பெறும் நிலையைக் கபிலரின் பாடல் ஏற்கெனவே அறிந்திருந்தது.

சிறுதானியங்கள் அருகியமைக்கு மற்றொரு காரணம், அவற்றைக் குற்றி உமிநீக்கும் கடும் உழைப்பு. அது பெண்கள்மீதே விழுந்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990கள் முதல் இம்மலையில் மேற்கொண்ட சிறுதானியப் பாதுகாப்புப் பணியில், விதைகளைக் காப்பதோடு உமிநீக்கும் சிறு எந்திரங்களை ஊர்களில் நிறுவுவதும் இன்றியமையாததாயிற்று. வள்ளைப்பாட்டை நாட்டார் வழக்காறாக மட்டும் போற்றும் ஆய்வாளர், உரலின் சுமையையும் உடன்வைத்து எண்ண வேண்டும்.

முடிவுரை

கொல்லிப்பாவை உவமை, விதைப்பு, களையெடுப்பு, பசி, விற்பனை, குற்றுதல் ஆகியவற்றோடு பிணைந்தே இவ்விரு பாடல்களிலும் வருகிறது. அதனைத் தனித்த தொன்மமாக மட்டும் வாசிப்பது பாடலின் தொடரமைப்புக்கு முரணாகும். மலையைக் காட்சிப்பொருளாக மட்டும் காணும் சுற்றுலா நோக்கிற்கும் அது துணைபோகும். பாவை இடம்பெறும் ஏனைய சங்கப் பாடல்களையும் உவமைக்கு முன்னும் பின்னும் நிற்கும் அடைமொழிகளோடு சேர்த்து ஆராய்வது அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.