வெரூஉதல்

புதுக்கவிதையில் பயத்துக்குக் குறைவில்லை. பயப்படும் உடம்பைத்தான் பெரும்பாலும் காணோம். அச்சத்துக்குக் குறித்த பொருள் உண்டு, பதற்றத்துக்கு இல்லை என்று 1844இல் கீர்க்ககார்ட் பிரித்தார். அந்தப் பொருளின்மையை மட்டும் இறக்குமதி செய்து வெறுமை, அந்நியமாதல் என்று எழுதிக்கொண்டோம்.

தொல்காப்பியர் உடம்பை விடவில்லை. மெய்ப்பாட்டியலில் அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு காரணங்கள்; நான்கும் வெளியில் இருப்பவை. ஆனால் வெரூஉதல், உயிர்ப்பு, வியர்த்தல், நடுக்கு இவற்றை வேறொரு சூத்திரத்தில் காரணம் சொல்லாமல் வைக்கிறார். வெரூஉதல் அச்சம்போல் நீடிக்காமல் சட்டென்று தோன்றி மறைவது என்பது உரைமரபு.

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் கீரமங்கலத்துத் தென்னைகளையும் பலா மரங்களையும் சாய்த்தபோது எனக்கு வந்தது அச்சம். காரணம் வெளியே இரைந்துகொண்டிருந்தது. பல மாதம் கழித்து, காற்றே இல்லாத ஒரு மதியம், கவுண்ட்டரில் நோட்டு எண்ணும்போது வந்தது வெரூஉதல். மார்பு அடித்துக்கொண்டது, மூச்சு முட்டியது, சாகிறேன் என்று நினைத்தேன். இதயத்தில் கோளாறில்லை என்றார் டாக்டர். படபடப்பை ஆபத்தென்று தவறாக வாசிப்பதால் படபடப்பு பெருகுகிறது என்று 1986இல் டேவிட் கிளார்க் எழுதியது பிறகுதான் விளங்கிற்று. ஆக, இது ஒரு வாசிப்புப் பிழை, விமர்சகனுக்கு வெட்கந்தான். எழுந்து ஓடினால் பிழை உறுதிப்படும். இருந்து பார்த்தால் சில நிமிஷங்களில் தணிகிறது. அடுத்த தடவை நான் ஓடவில்லை. நோட்டை முதலிலிருந்து எண்ணினேன்.

நம் கவிதையோ உடம்பிலிருந்து தத்துவத்துக்கு ஓடிவிடுகிறது. வியர்த்த உள்ளங்கையை எழுதாதவரை அது பயத்தை எழுதியதாகாது.