டைம் பத்திரிகையின் தலைகீழ் வாக்கியங்கள்

டைம் பத்திரிகையின் பழைய நடையைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் உல்காட் கிப்ஸைத்தான் இழுப்பார்கள். 1936 நவம்பரில் நியூ யார்க்கர் இதழில், டைம் அதிபர் ஹென்றி லூஸைப் பற்றி அவர் எழுதிய நையாண்டிக் கட்டுரை அது. முழுக்க டைம் நடையிலேயே எழுதினார்: வினை முன்னால், எழுவாய் பின்னால், நடுவில் அடைமொழிக் கூட்டம். இன்னிக்குப் படித்தாலும் சிரிப்பு வரும். ஆனால் நோய் எதுன்னு கிப்ஸ் சொல்லலை. காட்டிக் கேலி பண்ணினார், அவ்வளவுதான்.

அந்த நடைக்கு உண்மையான சொந்தக்காரர் லூஸ் இல்லை. 1923இல் அவரோடு சேர்ந்து பத்திரிகையைத் தொடங்கிய பிரிட்டன் ஹாடன். அவருக்கு ஹோமர் மேல் பெரிய மோகம். சிக்கல் அங்கேயே ஆரம்பிக்கிறது. கிரேக்கத்தில் சொல்லின் முடிவே யார் எழுவாய், எது செயப்படுபொருள் என்று சொல்லிவிடும். நம்ம தமிழும் அப்படித்தான். "கந்தனை அடித்தான் முருகன்" என்று எப்படிப் புரட்டினாலும் அடி வாங்கியவன் கந்தனே. அந்த ஐ உருபு காப்பாற்றிவிடும். ஆங்கிலத்தில் "டாக் பைட்ஸ் மேன்" என்பதைப் புரட்டினால் கடித்தவனே மாறிவிடுவான்! அங்கே சொல்வரிசைக்கு ஏற்கெனவே ஒரு முழுநேர வேலை இருக்கு. அழுத்தம் கொடுப்பது அதற்கு ஓவர்டைம்.

அதனால் ஆங்கிலம் சில இடங்களில் மட்டும்தான் புரட்ட விடும். "இன் வாக்டு த போலீஸ்" என்றால் கதவு முதலில் திறக்கிறது, ஆள் கடைசியில் தெரிகிறார். அந்தத் தாமதம்தான் அழுத்தம். "தட் ஃபிலிம் ஐ ஹேட்டட்" என்றால், வேறு ஏதோ படம் பிடித்திருந்தது என்று அர்த்தம். முன்னால் அந்த வேறு படம் பேச்சில் வந்திருக்கணும். இல்லாவிட்டால் வாக்கியம் அந்தரத்தில் தொங்கும். டைம் நடையில் தொங்கியது இதுதான். "வெப்ட் த பேங்கர்" (உதாரணம் நான் கட்டியது) என்பதில் புரட்டியதற்குக் காரணமே இல்லை. பக்கத்துக்குப் பத்து இப்படி வந்தால் எதுவும் அழுத்தமாகத் தெரியாது.

ஆனால் கிப்ஸின் கேலியில் அடிபட்டுப் போகக்கூடாத ஒன்று உண்டு: டைமின் மைல்ஸ்டோன்ஸ் பகுதி. பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் அங்கே ஒற்றை வினையில் தொடங்கும். "டைட்" என்று முதல் சொல். பெயர், வயது எல்லாம் பிறகு. அந்தப் பத்தியைப் புரட்டுகிறவன் தேடுவதே என்ன நடந்தது என்பதைத்தான். ஹாடன் 1929இல், 31 வயதில் இறந்தார். புரட்டும் பழக்கத்தை லூஸின் ஆட்கள் அப்புறமும் விடாமல் வைத்திருந்தார்கள். ஏன் புரட்டுகிறோம் என்ற கேள்வியை மட்டும் விட்டுவிட்டார்கள்.

யோடா பேச்சும் இந்தக் கணக்கில்தான் வரும். 1980இல் வந்த 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' படத்தை மறுபடி போட்டுப் பாருங்க. எப்போதும் தலைகீழாகவே பேசுவார்னு நாம நினைக்கிற ஆள், எத்தனை வரிகளை நேர் வரிசையிலேயே சொல்கிறார் என்று எண்ணிக்கொண்டே வாங்க.