‘உள்நாட்டுப் போர்’: ஒரு சொல்லாட்சியின் சமுதாய அடிப்படை

ஈழத்து இலக்கியம் பற்றிய அண்மைக்கால எழுத்துக்களில் ‘உள்நாட்டுப் போர்’ என்னும் தொடர் ஒரு காலப்பகுதியின் பெயராகவே பெரிதும் வழங்குகின்றது. ‘உள்நாட்டுப் போர்க்காலக் கவிதை’, ‘உள்நாட்டுப் போருக்குப் பிந்திய நாவல்’ என எழுதுவோர், அத்தொடர் சார்பற்றதெனக் கொண்டே எழுதுகின்றனர். அதன் வரலாற்றை நோக்குமிடத்து இக்கொள்கை பொருந்தாது என்பது புலனாகும்.

இத்தொடருக்கு மூலமான இலத்தீன் வழக்கு ‘குடிமக்களின் போர்’ எனப் பொருள்படுவது. கி.மு. 49இல் சீசருக்கும் பொம்பேயிக்குமிடையே மூண்ட போர் அப்பெயர் பெற்றது. இருபுறமும் நின்றோர் உரோமக் குடிமக்கள். ஆனால் கி.மு. 73 முதல் 71 வரை ஸ்பார்ட்டகஸ் தலைமையில் இத்தாலியில் நிகழ்ந்தது ‘அடிமைப் போர்’ எனப்பட்டது. கி.மு. 91இல் இத்தாலிய நேசநாட்டார் உரோமுக்கெதிராகத் தொடங்கியது ‘நேசநாட்டார் போர்’ எனப்பட்டது. மூன்றும் இத்தாலிய மண்ணிலே தொடங்கியவை. ஆகவே பெயரைத் தீர்மானித்தது நிலமன்று. போரிட்டோரின் சமுதாயத் தகுதியே. உரோமின் உற்பத்தியைத் தாங்கிய அடிமைக்கு அதன் போர்ப்பெயரிற்கூடக் குடிமகன் என்னும் இடம் கிடைக்கவில்லை.

பழந்தமிழ் மரபு வேறானது. தொல்காப்பியப் புறத்திணையியல் ஆநிரை கவர்தல், மண்ணாசையால் மேற்செல்லல், அரண் முற்றுதல், வலிமை நாட்டப் பொருதல் எனச் செயல் நோக்கியே போரை வகுத்தது. நலங்கிள்ளி, நெடுங்கிள்ளி என்னும் சோழர் இருவரின் பகையைக் கோவூர்கிழார் தணிக்க முனைந்ததைப் புறநானூறு காட்டுகின்றது. அங்கு கண்டிக்கப்படுவது ஒரே குலத்தவரின் பகை. குடிமகன் என்னும் அரசியற் கருத்து உருவாகாத சமுதாயத்தில் ‘குடிமக்களின் போர்’ என்றொரு வகை தோன்றாமை வியப்பன்று. பிற்காலத் தமிழாக்கமோ குடிமகனை நீக்கி நாட்டை முன்வைத்தது. ‘யார் போரிட்டனர்?’ என்னும் வினா ‘எங்கே போரிட்டனர்?’ என்பதாக மாறியது.

இத்தொடருக்கு வர்க்க உள்ளடக்கம் தந்தவர் மார்க்ஸ். பாரிஸ் கொம்யூன் 1871 மே 28இல் வீழ்ந்து இரு நாட்களின்பின் அகிலத்தின் பொதுக்குழு ஏற்ற அவரது அறிக்கை, ‘பிரான்சில் உள்நாட்டுப் போர்’ எனத் தலைப்பிடப்பட்டது. வெர்சேய் அரசு கலகக்காரர் எனச் சுட்டிய தொழிலாளரை அத்தலைப்பு ஒரு போரின் தரப்பினராக நிறுத்தியது. பெயரிடுதலே இங்கு அரசியற் செயலாயிற்று.

ஆட்சியாளர் இதனை நன்குணர்ந்தவர்கள். கிரேக்கத்தில் 1946 முதல் 1949 வரை நடந்த போர் அரச வழக்கில் ‘கொள்ளையர் போர்’ எனவே வழங்கியது. 1989இலேயே சட்டம் அதனை உள்நாட்டுப் போர் என ஏற்றது. 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகளின் பொதுவான மூன்றாம் உறுப்புரையும் இத்தொடரைத் தவிர்த்து, சர்வதேசத் தன்மையற்ற ஆயுத மோதல் என்றே கூறுகின்றது. அதன் பிரயோகம் தரப்பினரின் சட்ட அந்தஸ்தைப் பாதிக்காது என்றும் விதந்துரைக்கின்றது.

இலங்கையில் 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரை அரசு பயங்கரவாதப் பிரச்சினை என்றது. அதன் இறுதிக் கட்டத்தை மனிதாபிமான நடவடிக்கை என்றது. தமிழ்த் தேசியவாதிகள் விடுதலைப் போராட்டம் என்றனர். முன்னவர் எதிரிக்கு அரசியல் தகுதி அளிக்க மறுத்தனர். பின்னவர் ‘உள்நாடு’ என்னும் ஒருமையை மறுத்தனர். யார் முழுமையான பிரசை என்னும் வினா 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியபோதே எழுந்துவிட்டது. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் அதனை மேலும் கூர்மைப்படுத்தியது. இவ்வினாவை மறந்து ‘உள்நாட்டுப் போர்’ என்போர், போரின் காரணத்தையே பெயருக்குள் புதைத்துவிடுகின்றனர். அதேவேளை, எல்லாவற்றையும் வர்க்கப் போராகச் சுருக்கித் தேசிய இனப்பிரச்சினையைத் தட்டிக்கழிக்கும் இயந்திரப்பாங்கான மார்க்சியமும் நமக்கு உடன்பாடன்று.

இன்னொன்றும் மனங்கொள்ளத்தக்கது. போருக்கு இரு தரப்பினரை மட்டுமே கற்பிக்கும் எப்பெயரும், 1990இல் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் அனுபவத்தை ஓரத்திலேயே வைக்கும். அவர்களது எழுத்துக்கள் ‘போர் இலக்கிய’த் தொகுப்பொன்றின் பிற்சேர்க்கையல்ல, அத்தலைப்பின் போதாமைக்குச் சான்றுகள்.

இத்தொடரைக் கைவிட வேண்டுமென நாம் கூறவில்லை. அதனை வசதியான தலைப்பாகக் கொள்ளாது ஆய்வுப் பொருளாகக் கொள்ள வேண்டுமென்கிறோம். ஒரு கவிதையோ நாவலோ போரை எப்பெயரால் அழைக்கின்றது, அப்பெயரில் யார் குடிமக்களாகின்றனர், யார் விடுபடுகின்றனர் என வினவுதல் சொல்லாராய்ச்சி மட்டுமன்று. இறந்தோரில் யாருக்கு வரலாற்றில் இடமுண்டு என்பதும் அவ்வினாவில் அடங்கியுள்ளது. விமர்சகர் அதனைத் தவிர்ப்பின், விடையை ஆட்சியாளரிடமே விட்டுவிடுகின்றனர்.