ஈமோகுளோபினோடு நின்றுவிடும் வாசிப்பு

மாரியில் டெங்கு பரவத் தொடங்கினால் உடுப்பிட்டியில் காய்ச்சல்காரர் பலருக்கும் முழுக் குருதிப் பரிசோதனை செய்யப்படுகிறது. மந்திகை ஆஸ்பத்திரியில் எடுத்தாலென்ன, நெல்லியடியில் காசு கொடுத்து எடுத்தாலென்ன, றிப்போர்ட் வந்ததும் கண் பிளேட்லெட்டைத்தான் தேடுகிறது. குருதிச்சோகை பற்றிய விபரமும் அதே தாளில்தான் இருக்கிறது. அதைப் பார்ப்பவர்களும் ஈமோகுளோபினோடு நின்றுவிடுகிறார்கள். குறைந்திருந்தால் இரும்புக் குளிசை. அத்தோடு விடயம் முடிந்தது.

இந்த நடைமுறையில் நன்மை இல்லாமலில்லை. ஈமோகுளோபினை மலிவாகவும் விரைவாகவும் அளக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லைகளும் தெளிவானவை: டெசிலீற்றருக்குக் கர்ப்பமில்லாத பெண்களில் 12 கிராம், ஆண்களில் 13 கிராம். சோகைக்கு இரும்புக் குறைபாடே மிகப் பரவலான காரணம் என்பதால் குளிசை பலருக்குப் பலன் தருகிறது. கர்ப்பிணித் தாய்மாருக்கு அது தாமதமின்றிக் கிடைப்பது பெரிய காரியம்.

ஆனால் ஈமோகுளோபின் சோகையின் வகையைச் சொல்லாது. இரண்டு றிப்போர்ட்டுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் ஈமோகுளோபின் 10.5. முதலாவதில் செங்குழியங்கள் 43 இலட்சம், அவற்றின் சராசரிப் பருமனான எம்.சி.வி. 76, பருமன் வேறுபாட்டைக் காட்டும் ஆர்.டி.டபிள்யூ. 18. இது இரும்புக் குறைபாட்டின் சாயல். இரண்டாவதில் எம்.சி.வி. 64, ஆனால் செங்குழியங்கள் 54 இலட்சம். எம்.சி.வி.யை மில்லியன் கணக்கிலான எண்ணிக்கையால் வகுத்தால் 13க்குக் கீழே வருகிறது. பரம்பரைக் குருதி நோயான தலசீமியாவின் காவியாக இருக்கலாம். இந்தக் கணக்கு முடிவல்ல, அடுத்த பரிசோதனைக்கு வழிகாட்டி மட்டுமே. ஆனால் அதைப் போடாமல் விட்டால் இழப்பு பெரிது. தாயும் தந்தையும் பீற்றா தலசீமியாக் காவிகளானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் கடும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு.

மச்சம் தொடாத குடும்பங்களில் இன்னொரு சிக்கல். இரும்புக் குறைவு செங்குழியத்தைச் சிறிதாக்கும், பி12 குறைவு பெரிதாக்கும். இரண்டும் சேர்ந்தால் சராசரி சாதாரணமாகத் தெரியும், ஆர்.டி.டபிள்யூ. மட்டும் உயர்ந்து காட்டிக்கொடுக்கலாம்.

அப்படியானால் எல்லோருக்கும் இரும்புப் பரிசோதனைகள் செய்வதா? அவற்றுக்கும் குறை உண்டு. குருதியிலுள்ள இரும்பின் அளவு ஒரே நாளுக்குள் ஏறி இறங்கும். குளிசை விழுங்கியதும் உயரும். அதை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது தவறு. சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின்தான் வலிமையான சான்று. ஈமோகுளோபின் விழுமுன்பே அது விழுந்துவிடும். வளர்ந்தவர்களில் 15க்குக் கீழே போனால் சேமிப்பு தீர்ந்தது உறுதி. எதிர்த்திசையில் அந்த உறுதி இல்லை. காய்ச்சல், மூட்டுவாதம், ஈரல் நோய் எல்லாம் ஃபெரிட்டினை உயர்த்தி, குறைபாட்டை மறைத்துவிடும். டெங்குக் காய்ச்சலுக்குள் எடுத்த ஃபெரிட்டினை நம்பி ஒருவரிடம் இரும்பு போதும் என்று சொல்லக் கூடாது. காய்ச்சல் தணிந்தபின், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யோடு சேர்த்துப் பார்ப்பதே முறை.

ஆகவே குருதிப் பரிசோதனையை முழுதாக வாசிப்பதே முதற்படி. சந்தேகம் உள்ள இடத்தில் ஃபெரிட்டின். குளிசை தொடங்கி ஒரு மாதத்தில் ஈமோகுளோபின் ஏறியதா என்று பார்ப்பது அதேயளவு முக்கியம். ஏறாவிட்டால் குளிசை ஒழுங்காக எடுக்கப்பட்டதா, சாப்பாட்டோடு குடிக்கும் தேத்தண்ணி உறிஞ்சலைத் தடுக்கிறதா, நோயே வேறா என்று தேட வேண்டும். ஏறினாலும் தேடல் முடியவில்லை. இரும்பு எங்கே போனது என்பதை எந்த எண்ணும் சொல்லாது. பெண்ணிடம் மாதவிடாய்ப் பெருக்கைக் கேட்க வேண்டும். ஐம்பது தாண்டிய ஆணுக்கு இரும்பு குறைந்தால் குடலில் குருதி கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அங்கே குளிசையோடு நிறுத்தினால் எண் சீராகும், உள்ளே புற்றுநோய் வளரக்கூடும்.